ஐபிஏ வந்துவிட்டதா? டிக்கெட் போடும் முன் சம்பளப் பக்கத்தைப் படியுங்கள்

போன வருஷம் ஒரு சாயங்காலம் எங்கள் தெருப் பையன் ஒருவன் போனை நீட்டினான். "அண்ணே, ஐபி வந்துருச்சு. என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க." சிங்கப்பூர் வேலைக்கான ஐபிஏ கடிதத்தைத்தான் ஊரில் ஐபி என்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். அவன் பெயர், பாஸ்போர்ட் எண், சிங்கப்பூர் கம்பெனியின் பெயர் எல்லாம் இருந்தன. அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

"மத்த பக்கமெல்லாம் எங்கடா?"

"ஏஜென்ட் இவ்வளவுதான் அனுப்புனாரு அண்ணே. மீதிப் பணத்தைக் கட்டுனா டிக்கெட் போட்டுருவாராம்."

தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியில் புதிதாக எதுவும் இருக்காது. 'ஐபி வந்துருச்சு' என்ற சொல் காதில் விழுந்ததுமே வீட்டில் காரியங்கள் தானாக நடக்கத் தொடங்கும். நகை அடகுக்குப் போகும், பெட்டி வாங்குவார்கள், குலதெய்வத்துக்கு ஒரு நடை போய் வருவார்கள். கடிதத்தை முழுதாகப் படிப்பவரைத்தான் காண முடியாது. அந்தப் பையனின் கடிதத்தில் மீதிப் பக்கங்களைக் கேட்டு வாங்க மூன்று நாள் ஆனது. அதில் இருந்த ஒரே ஒரு வரியை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அந்த வரிக்குப் போவதற்கு முன், இந்தக் கடிதம் என்ன என்பதைப் பார்த்துவிடலாம்.

ஐபிஏ என்பது சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தரும் கொள்கை அளவிலான ஒப்புதல். வேலைக்குப் போகிறவர் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள முதலாளியோ, அவர் சார்பில் அங்கே உரிமம் பெற்ற ஏஜென்சியோதான் விண்ணப்பிக்க வேண்டும். அமைச்சு முதலில் பார்ப்பது கம்பெனியைத்தான். எந்தத் துறை, எந்த நாட்டு ஆளை எடுக்க அதற்கு அனுமதி உண்டு, எத்தனை உள்ளூர் ஊழியர்கள் இருக்கிறார்கள், அந்தக் கணக்குக்கு இன்னொரு வெளிநாட்டவருக்கு இடம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கட்டுமானத் துறையில் 2024 ஜனவரிக்கு முன் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஏழு வெளிநாட்டவர் வரை எடுக்கலாம். இப்போது அது ஐந்தாகக் குறைந்துவிட்டது. 'கோட்டா இல்ல, கொஞ்சம் பொறுங்க' என்று ஏஜென்ட் சொல்வது சில நேரம் உண்மையாகவே இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் கடிதம் வரும். இந்தியப் பாஸ்போர்ட்டில் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். ஐபிஏ வைத்திருப்பவருக்கு அந்தக் கடிதமே ஒரு முறை நுழைவதற்கான விசா. அதனால்தான் ஊரில் பலரும் இதை விசா என்றே நினைக்கிறார்கள். திருச்சி விமான நிலையத்தில் காட்டுகிற தாளாகவே அது அவர்கள் மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் விசா வேலையோடு இன்னொரு வேலையையும் அந்தத் தாள் செய்கிறது. 'இந்த ஆளுக்கு இவ்வளவு சம்பளம் தருவேன்' என்று முதலாளி அரசிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அதற்குள் இருக்கிறது. தொழிலாளியின் கைக்குக் கிடைக்கிற ஒரே பலம் அதுதான். அவர் பார்க்காமல் விடுவதும் அதைத்தான்.

ஒர்க் பெர்மிட்டுக்கான ஐபிஏவில் அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், மாதாமாதம் பிடித்தம் செய்யும் தொகை, சிங்கப்பூர் ஏஜென்சிக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்கும். தொழிலாளி ஊரிலிருந்து கிளம்பும் முன், அவருக்குப் புரிகிற மொழியில் அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. அதாவது தமிழிலேயே கிடைக்கும், கிடைக்க வேண்டும். 'இங்கிலீஷ்ல இருக்கு, உனக்குப் புரியாது' என்று யாராவது சொன்னால் தமிழ்ப் பிரதியைத் தயங்காமல் கேளுங்கள்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். பையனிடம் ஏஜென்ட் சொன்னது "எண்ணூறு வெள்ளி பேசிக், ஓடி தனி." வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர், ஓடி என்பது ஓவர்டைம் கூலி. கடிதத்தில் இருந்தது அடிப்படைச் சம்பளம் 500 வெள்ளி, படிகள் 300 வெள்ளி. "கூட்டுனா எண்ணூறு வருதுல்ல, சரியாத்தானே இருக்கு" என்றான் பையன். அவன் அப்பாவும் தலையாட்டினார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஓடி கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரரின் ஒரு மணி நேரக் கூலியை இப்படிக் கணக்கிடுவார்கள்: அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்பது கணக்கு. அந்தக் கூலியில் ஒன்றரை மடங்கு ஓவர்டைமுக்கு. இந்தக் கணக்கில் படிகள் சேராது. அடிப்படை 800 வெள்ளியாக இருந்தால் ஓடி மணிக்கு 6.29 வெள்ளி. அடிப்படை 500ஆக இருந்தால் 3.93 வெள்ளி. மாதத்துக்கு 72 மணி நேரம் வரை ஓடி பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. அத்தனை நேரமும் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் 453 வெள்ளி, இரண்டாவதில் 283 வெள்ளி. மாதம் 170 வெள்ளி வித்தியாசம். இரண்டு வருஷத்தில் அது நான்காயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். மொத்தம் ஒன்றுதான் என்று சொல்லிச் செய்யும் இந்தப் பிரிப்பில் சட்டமீறல் எதுவும் இல்லை. கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஓடியை நம்பிக் கடன் வாங்குகிற ஒருவருக்கு, அந்தக் கடன் எத்தனை மாதத்தில் அடையும் என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது.

இதையே இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். கடிதத்தில் எழுதியதைவிடக் குறைவாகக் கொடுத்தால் என்ன ஆகும்? ஐபிஏவில் சொன்ன சம்பளத்தை முதலாளி தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. குறைப்பதற்கு முன் தொழிலாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். 2017இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு சம்பள வழக்கு வந்தது. ஐபிஏவில் ஒரு தொகை, கம்பெனி கையில் வைத்திருந்த ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த தொகை. ஐபிஏவில் முதலாளி அறிவித்த அடிப்படைச் சம்பளத்தையே முதல் நோக்கில் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும், அது சரியில்லை என்றால் நிரூபிக்க வேண்டியது முதலாளிதான் என்று நீதிமன்றம் சொன்னது. கையில் கடிதமே இல்லாதவர் எதைக் காட்டி வழக்காடுவார்? அதனால்தான் எல்லாப் பக்கமும் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஊரில் பிரச்சினை வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. ஐபிஏ வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பணம் கைமாறிவிடும். கட்டுமான வேலைக்குப் போகிறவர் முதலில் ஸ்கில் டெஸ்ட் அடிக்க வேண்டும். சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்றுக்கொண்ட பயிற்சி மையங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. அங்கே மாதக்கணக்கில் தங்கி வெல்டிங், டைல்ஸ், எலக்ட்ரிக்கல் என்று ஏதாவது ஒரு தொழிலைக் கற்றுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான செலவைக் கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். டெஸ்டில் தேறுவது ஒரு தகுதி மட்டுமே. கோட்டா உள்ள ஒரு கம்பெனி கூப்பிட்டால்தான் வேலை. 'ஸ்கில் அடிச்சாச்சு, இனி சிங்கப்பூர்தான்' என்று நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் வட்டி ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஐபிஏ வரும்போது, அதில் என்ன எழுதியிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அந்தக் குடும்பம் இருக்காது. பையன் கடிதத்தைப் படிக்காமல் விட்டதற்குச் சோம்பல் காரணமில்லை. படித்து மட்டும் என்ன செய்ய முடியும் என்ற நினைப்புதான் காரணம்.

ஆனாலும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க 35 வெள்ளி, பெர்மிட் வழங்கும்போது 35 வெள்ளி. அவ்வளவுதான் அரசுக் கட்டணம். அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் அவர் வைக்கும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகை, மாதாமாதம் அரசுக்குக் கட்டும் லெவி என்ற வரி, மருத்துவக் காப்பீடு, எதையும் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி, ஒப்பந்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் வாங்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளியே பணம் வாங்கினால் அது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இந்தியாவில், மத்திய வெளியுறவுத் துறையிடம் பதிவு செய்த ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். இரண்டு பக்கமும் வரம்பு இருக்கிறது. அப்படியானால் ஊரில் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்களே, அது எங்கே போகிறது? பதிவே இல்லாத இடைத்தரகர்கள் கையில். சிங்கப்பூர் வைத்த ஏஜென்சிக் கட்டண வரம்பு, ஊரில் இடைத்தரகர் வாங்கும் பணத்தைத் தொடாது. இந்தப் பக்கம் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தை நிரூபிக்க வழியில்லை. ஏஜென்டின் பதிவு எண்ணை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாராவது ஒரு படித்த தம்பி அந்தந்தத் தெருவில் ஒதுக்கினால் எத்தனையோ வீட்டு நகைகள் தப்பும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

இங்கே இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்ற முத்திரை இருக்கும். அவர்கள் வேலைக்காக மலேசியா, சவூதி, குவைத், கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வைத்த ஏற்பாடு இது. குறைகள் எவ்வளவோ இருந்தாலும், ஒப்பந்தத்தை அரசு தரப்பில் ஒருவராவது பார்க்கிறார். அந்த 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை. அங்கே சட்டம் ஒழுங்காக இருக்கிறது, தனிப் பாதுகாப்பு தேவையில்லை என்பது அதன் பின்னுள்ள எண்ணமாக இருக்கலாம். விளைவு, சிங்கப்பூருக்குப் போகிறவரின் சம்பளக் கடிதத்தை இந்திய மண்ணில் யாரும் படிப்பதில்லை. விமான நிலையக் குடிநுழைவு அதிகாரி கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பார். அடிப்படை 500 என்று இருக்கிறதா 800 என்று இருக்கிறதா என்பது அவர் வேலையில்லை. அந்த வேலை முழுக்க உங்களுடையதுதான்.

கடிதத்தில் வேலையின் வகையையும் கவனியுங்கள். விளம்பரங்களில் பிசிஎம் பெர்மிட், ஷிப்யார்ட் பெர்மிட், எஸ் பாஸ், இ பாஸ், டிஇபி என்று வரிசையாகப் போடுவார்கள். எல்லாம் சிங்கப்பூரின் வெவ்வேறு வகை அனுமதிகள். இதில் டிஇபி என்பது பயிற்சிக்கான பாஸ். அதிகபட்சம் மூன்று மாதம், புதுப்பிக்க முடியாது. 'மூணு மாசம் டிஇபில இரு, அப்புறம் எஸ் பாஸா மாத்திடலாம்' என்ற பேச்சை நம்பிப் போய், மூன்றாம் மாதக் கடைசியில் பெட்டியோடு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு பாஸ் இன்னொன்றாகத் தானாக மாறாது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தகுதியும் சம்பள வரம்பும் தனித்தனி. ஐபிஏவில் எந்த முதலாளி, என்ன வேலை என்று இருக்கிறதோ அது மட்டும்தான் அனுமதி. கடிதத்தில் ஒரு கம்பெனி, கூட்டிப்போய் நிறுத்துவது வேறொரு கம்பெனி என்றால், மாட்டிக்கொள்கிறவர்களில் தொழிலாளியும் ஒருவர்.

கடிதம் போலியா என்ற சந்தேகத்தை அன்றைக்கே தீர்த்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தின் நிலையையும் பாஸ் செல்லுபடியாகிறதா என்பதையும் பார்க்க மனிதவள அமைச்சின் இணையதளத்திலேயே வசதி உண்டு. ஏஜென்ட் அனுப்பும் லிங்கைத் தட்டாதீர்கள். அமைச்சின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், இது 'கொள்கை அளவிலான' ஒப்புதல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் மெடிக்கல். காசநோய், எச்ஐவி போன்றவற்றுக்குப் பரிசோதிப்பார்கள். அதில் தேறாவிட்டால் பெர்மிட் கிடையாது, திரும்ப வேண்டியதுதான். பழைய காசநோய்த் தழும்பு நெஞ்சில் இருப்பது தெரியாமலே கிளம்புகிறவர்கள் உண்டு. கடன் வாங்கும் முன் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது, செலவைப் பார்த்தால் ஒன்றுமேயில்லை. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்தியாவிலிருந்து வருவோருக்குச் சிங்கப்பூர் கதவை மூடியது. கையில் ஒப்புதலோடு காத்திருந்தவர்களும் ஊரிலேயே நின்றுபோனார்கள். பெர்மிட் கார்டு கைக்கு வரும்வரை இது முழு உரிமையாகாது.

படிக்கப் போகிறவர்களுக்கும் சிங்கப்பூரில் ஐபிஏதான். அதைக் கொடுப்பது குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம். பள்ளியோ கல்லூரியோ இடம் கொடுத்த பிறகு இணையத்தில் விண்ணப்பம் போகும். அந்தக் கடிதமும் ஒரு முறை நுழைவதற்கான விசாவாகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: தனியார் கல்விநிலையத்தில் மாணவர் பாஸில் இருப்பவர் வேலை பார்க்க அனுமதி இல்லை. 'படிச்சுக்கிட்டே பகுதிநேரமா சம்பாதிக்கலாம், ஃபீஸ் தானா வந்துரும்' என்று சொல்லிச் சேர்த்துவிடுவோர் இதைச் சொல்வதில்லை. அரசுப் பல்கலைக்கழகம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில் முழுநேரம் படிப்பவர்களுக்கு மட்டும் வாரம் 16 மணி நேரம் வரை சலுகை உண்டு.

மற்ற நாடுகளிலும் பெயர்தான் வேறு. பிரிட்டனில் பல்கலைக்கழகம் ஒரு சேர்க்கை உறுதி எண்ணைத் தரும், அதை வைத்துத்தான் மாணவர் விசா கேட்க முடியும். ஜப்பானில் அங்குள்ள நிறுவனமோ கல்லூரியோ குடிநுழைவுத் துறையிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கி அனுப்பும். கனடா 2024 ஜனவரியிலிருந்து, பெரும்பாலான மாணவர்களிடம் மாகாண அரசின் சான்றுக் கடிதத்தையும் கேட்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, ஏஜென்ட் கொடுத்த போலிச் சேர்க்கைக் கடிதத்தோடு போய், படிப்பு முடித்த பிறகு நாடு கடத்தும் நோட்டீஸ் வாங்கிய பஞ்சாப் மாணவர்களின் செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அந்தக் கடிதம் உண்மைதானா என்று கல்லூரிக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருந்தால் கிளம்பும் முன்பே தெரிந்திருக்கும்.

சரி, எங்கள் தெருப் பையன் என்ன ஆனான்? அடிப்படைச் சம்பள விஷயத்தை ஏஜென்டிடம் கேட்கச் சொன்னேன். கேட்டான். "அதெல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம் தம்பி" என்று பதில் வந்தது. பாதிப் பணம் ஏற்கனவே போயிருந்தது. அம்மாவின் சங்கிலி அடகில் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க வீட்டில் பேசினார்கள். போவது என்று முடிவானது. நான் தடுக்கவில்லை, தடுக்கும் தகுதியும் எனக்கில்லை. மூன்று வருஷத்தில் வீடு கட்டுவது என்று அவர்கள் போட்டிருந்த கணக்கை மட்டும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். கடன் அடைய எட்டு மாதம் என்று நினைத்தது பன்னிரண்டு மாதம் ஆனது. கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவன் பையிலும் ஒன்றை வீட்டுப் பீரோவிலும் வைத்தோம்.

முதல் சம்பளம் வந்த அன்று சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். சிங்கப்பூரில் ஒவ்வொரு முதலாளியும் வரவு, பிடித்தம் எல்லாவற்றையும் பிரித்து எழுதிய சீட்டைத் தர வேண்டும், 2016 ஏப்ரலிலிருந்து அது சட்டம். கூடவே ஒரு குரல் பதிவு, பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "அண்ணே, ஓடி மணிக்கு 3.93தான் போட்டிருக்காங்க. கணக்கு சரியா இருக்கு. ரூம்ல நாலு பேரு அவங்க ஐபியையும் பாத்துச் சொல்லுன்னு கேக்குறாங்க, அந்த 2,288 எப்படி வந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே."